கடலுணவுத் தரநிலைகளும் தொழில்துறை உடன்பாடும்

புனேயை அடுத்துள்ள சிஞ்ச்வட் கடற்கரை ஊரன்று. தொழிற்சாலைகள் நிறைந்த உள்நாட்டு நகரம். கொங்கணக் கரையில் பிடிபடும் வாவல் மீன் அத்தகைய நகரின் சமையலறையை அடைவதற்குள் மீனவர், படகு உரிமையாளர், ஏலதாரர், பனிக்கட்டி இட்டு அனுப்பும் வணிகர், சில்லறை விற்பனையாளர் எனப் பலரிடம் கைமாறுகிறது. மராட்டிய அரசு 2023ஆம் ஆண்டில் 54 இனங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவை வகுத்தது. வெள்ளை வாவலுக்கு அது 135 மில்லிமீட்டர். ஒருமுறையேனும் இனப்பெருக்கம் செய்ய மீனுக்கு வாய்ப்பளிப்பதே இத்தகைய விதியின் நோக்கமாகும். ஆயினும், கைமாறும் வரிசையில் ஒருவர் குஞ்சு மீனை வாங்கச் சித்தமாக இருப்பினும் ஏனையோரின் கட்டுப்பாடு பயனற்றுப் போகும். ஆகவே, தரநிலையை வகுப்பதைவிட, அதற்குத் தொழிலில் உள்ள அனைவரது இசைவையும் பெறுவதே அரிய பணி எனலாம். அவ்விசைவு உருவாகும் முறைக்குக் கேரளத்தின் அஷ்டமுடிக் காயல் நல்லதொரு பாடமாகும்.

உலக அனுபவம்

கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன்வளம் அளவிறந்த பிடிப்பால் அழிந்து, 1992இல் அங்கு மீன்பிடிப்பையே நிறுத்த நேர்ந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1995இல் பொறுப்பான மீன்பிடிப்புக்கான நடத்தை நெறியை ஏற்றது. உலக வனவிலங்கு நிதியமும் யூனிலீவர் நிறுவனமும் 1997இல் மெரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்னும் அமைப்பைத் தொடங்கின. பின்னர் அது தனித்து இயங்கலாயிற்று. அதன் தரநிலை மூன்று வினாக்களை எழுப்புகிறது: இனத்தின் இருப்பு போதுமானதா? பிடிக்கும் முறையால் சுற்றுச்சூழல் கெடுகிறதா? நிர்வாகம் செம்மையாக உள்ளதா?

அஷ்டமுடியில் நிகழ்ந்தது

கொல்லத்தை ஒட்டிய அஷ்டமுடிக் காயலில் மஞ்சள் மட்டி எனத்தக்க சிற்றினம் செழித்து வளர்ந்து வந்தது. ஏற்றுமதித் தேவையால் 1981 முதல் இதன் சேகரிப்பு பெருகி, 1991இல் சுமார் 10,000 டன்னை எட்டியது. ஆனால் 1993இல் விளைச்சல் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. அப்போது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரைப்படி சில கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சேகரிப்பு நிறுத்தப்பட்டது. வலைக் கண்ணி 30 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது, இயந்திரங்களைக் கொண்டு வாருதல் கூடாது என்பனவும் விதிகளாயின. ஏற்றுமதியாகும் மட்டிச் சதை கிலோவுக்கு 1,400 எண்ணிக்கைக்கு மேற்படக் கூடாது என்பது மற்றொரு விதி. அதாவது ஒவ்வொன்றும் சராசரியாக 0.7 கிராமுக்குக் குறையலாகாது.

இதன் பயனாக விளைச்சல் மீண்டும் உயர்ந்து, பல ஆண்டுகள் நிலைபெற்றது. மீனவர், வணிகர், ஏற்றுமதியாளர், அறிவியலாளர், அரசு அலுவலர் ஆகியோரைக் கொண்ட நிர்வாகக் குழு ஒன்றும் அமைந்தது. 2014 நவம்பரில் இம்மட்டிப் பிடிப்பு மெரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்றிதழைப் பெற்றது. இந்தியாவில் இச்சான்றிதழைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு இதுவே.

உடன்பாட்டின் அடிப்படைகள்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் புலனாகின்றன. முதலாவது, சான்றிதழ் உடன்பாட்டைத் தோற்றுவிக்கவில்லை. இருபது ஆண்டுகளாக வேரூன்றியிருந்த உடன்பாட்டையே அது அங்கீகரித்தது. இரண்டாவது, விதி எளிதில் அளக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். காயலில் ஒவ்வொரு வள்ளத்தையும் கண்காணிப்பது கடினம். ஆனால் ஏற்றுமதிக் கூடத்தில் ஒரு கிலோவை எண்ணிப் பார்ப்பது எளிது. வாங்குவோர் சிறு மட்டியை மறுத்தால் அதைச் சேகரிக்கும் ஆவல் தானே குறையும். மூன்றாவது, இழப்பைப் பகிர்ந்துகொள்ளுதல். மூன்று மாத ஓய்வில் ஏற்றுமதியாளருக்குச் சரக்கு குறையும். சேகரிப்பவருக்கோ அன்றாட வருவாயே நின்றுவிடும். சான்றிதழால் கிடைக்கும் கூடுதல் விலையில் உரிய பங்கு அவரை அடையாவிடில், உடன்பாடு ஏட்டளவிலேயே நிற்கும்.

சான்றிதழின் எல்லை

எனினும் காயலில் இறங்குவோர் மட்டும் கட்டுப்பட்டால் போதாது. தென் அமெரிக்கக் கரையோரங்களைச் சேர்ந்த அயல் சிப்பியினம் ஒன்று பிற்காலத்தில் அஷ்டமுடியில் பரவியது. மட்டி விளைச்சலும் பெரிதும் குன்றியது. இவ்வளத்தை மீட்கும் நோக்குடன் 2024இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 30 லட்சம் மட்டிக் குஞ்சுகளைக் காயலில் விட்டது. நீரின் தன்மையையும் அயல் உயிர்களின் வரவையும் சேகரிப்பவர் தனித்துக் கட்டுப்படுத்த இயலாது. எனவே அவற்றுக்குப் பொறுப்பான துறைகளும் இத்தகைய உடன்பாட்டில் பங்கேற்றல் இன்றியமையாதது.

அஷ்டமுடியில் அயல்நாட்டு வாங்குவோர் செலுத்திய செல்வாக்கை உள்நாட்டுச் சந்தையில் செலுத்தக்கூடியவர் நம் நுகர்வோரே. குறைந்தபட்ச அளவு விதிகள் துறைமுகத்தோடு நின்றுவிடாமல் சிஞ்ச்வட் போன்ற நகரங்களின் அங்காடிகளிலும் அறியப்பட வேண்டும். அளவு குறைந்த மீனுக்கு வாங்குவோர் இல்லை என்ற நிலை ஏற்படும்போதுதான், அதைப் பிடிக்காமல் விடும் மீனவர் தம் வருவாயை இழந்தவராக அன்றி, அடுத்த பருவத்திற்குச் சேமித்தவராக ஆவார்.