அவசரப் பிரிவில் அந்த இருபது நிமிடம்



மேலநீலிதநல்லூரைச் சுற்றி வாழும் நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். களை எடுக்கும்போதோ, இரவில் வரப்பில் நடக்கும்போதோ நம் வீட்டார் ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பச்சிலை, மந்திரம் என்று காலங்கடத்தாமல், 108 வண்டியை அழைத்துச் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையை அடைந்துவிட்டோம். அதன்பின் அங்கு நடப்பது யாது? முன்னரே அறிந்திருப்பின் பதற்றம் குறையும், பெருந்தவறும் நேராது.

அவசரப் பிரிவில் யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை. யாருக்கு ஆபத்து அதிகம் என்றே பார்ப்பார்கள். மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றைச் சோதித்து, நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பார்கள். சிவப்புக்கு உடனடிச் சிகிச்சை; பச்சை சற்றுக் காத்திருக்கலாம். நெப்போலியனின் படை மருத்துவரான லாரே, தளபதி, சிப்பாய் என்ற வேறுபாடு பாராமல், காயத்தின் கடுமையைக் கண்டே சிகிச்சை செய்தார். அவர் காட்டிய வழியே இது.

அடுத்து, கேள்விகள் வரும். கடித்த நேரம், வாந்தி, மயக்கம், முன்பே உள்ள நோய், உண்ணும் மருந்து ஆகியவற்றை ஒருவரே நிதானமாகக் கூறவேண்டும். இறுகக் கட்டியிருந்தாலும், கீறியிருந்தாலும், பச்சிலை கொடுத்திருந்தாலும் மறைக்கலாகாது. பாம்பைப் பிடித்துச் செல்லத் தேவையில்லை.

பின்னர் சிறிது இரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். "சும்மா உட்கார வைத்துவிட்டார்களே!" என்று உறவினர் சினப்பது இந்நேரத்தில்தான். உண்மையில் அது சோதனை நேரம். இரத்தம் உறையாவிடில், விரியன் நஞ்சு ஏறியுள்ளது என்று அறிவார்கள்.

நஞ்சின் அறிகுறி தெரிந்தால் மட்டுமே நச்சுமுறி மருந்தைச் சிரை வழியே செலுத்துவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் அம்மருந்து ஒன்றே. மருந்து ஏறும்போது அரிப்போ, நடுக்கமோ, மூச்சுத் திணறலோ தோன்றினால் செவிலியரிடம் உடனே சொல்லவேண்டும். நிலைமை கடுமையானால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பவும் கூடும்.

அறிகுறி ஏதும் இல்லையெனினும் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று வீட்டுக்கு அழைத்துச் செல்வதே பெருந்தவறு. கட்டுவிரியன் கடியில் வலியும் தடமும் மிகக் குறைவு. சில மணி நேரம் கழித்தே இமைகள் சரியும். பின்னர் மூச்சே நின்றுவிடக்கூடும்.

ஆகவே தோழியரே, அன்று படுக்கையருகே நமக்கு ஒரு கடமை உண்டு. இமை சரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா, ஈறில் இரத்தம் கசிகிறதா என்று விழித்திருந்து கவனிப்போம். கண்டால் உடனே உரைப்போம். பெரியவர்கள் பொறுமை இழக்கும்போது, அந்த 20 நிமிடத்தின் பொருளை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். படித்த பெண் வீட்டுக்கு விளக்கு என்பது அன்று மெய்யாகட்டும்!