கத்திரிக்கு முன் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள், கழற்றி எறியாதீர்கள்

கத்திரி வெயில் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கிவிடும். பள்ளி விடுமுறையும் அதே வாரங்களில்தான். ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாக ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கார்கள் ஏறுகிற காலம். கூலன்ட் மட்டம் பாருங்கள், ரேடியேட்டரில் அடைந்த தூசியை ஊதி எடுங்கள் என்று வழக்கமாகச் சொல்வதோடு இந்த முறை இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல் முடிவதற்குள் தெர்மோஸ்டாட்டைச் சோதியுங்கள், பழுதென்றால் புதிது போடுங்கள். அதைக் கழற்றிவிட்டு வெறும் ஹவுசிங்கை மூடி ஓட்டாதீர்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார், பிடுங்கிப் போட்டா வண்டி கூலா ஓடும்” என்கிற பேச்சு ஒர்க்‌ஷாப் வாசல்களில் சர்வசாதாரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு.

தெர்மோஸ்டாட் என்பது என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கூலன்ட் போகும் வழியில் உட்கார்ந்திருக்கும் ஒரு வால்வு. அதன் நடுவே உள்ள சிறு உலோகக் குப்பிக்குள் மெழுகு அடைத்திருக்கும். சூட்டில் மெழுகு உருகி விரிந்தால் ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். செர்ஜியஸ் வெர்னே 1930-களில் உருவாக்கிய இந்த மெழுகு ஏற்பாடுதான் இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் ஓடுகிறது. எத்தனை டிகிரியில் திறக்கத் தொடங்கும் என்பதை வால்வின் மேலேயே 82 என்றோ 88 என்றோ பொறித்திருப்பார்கள். அங்கிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால் முழுசாகத் திறந்துவிடும். ஆக, அது முடிவு செய்வது என்ஜின் சூட்டின் கீழ் எல்லையை மட்டுமே. முழுசாகத் திறந்ததோடு அதன் வேலை முடிந்தது. சூடு அதற்கு மேல் எவ்வளவு ஏறும் என்பது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் பாடு. 82-க்குப் பதில் 76 டிகிரியில் திறப்பதைப் போட்டால் மலையேற்றத்தில் சூடாகாது என்ற யோசனை பலிக்காமல் போவதும் இதனால்தான். ரேடியேட்டர் அடைத்துக் கிடந்தால், இரண்டும் கடைசியில் ஒரே சிவப்புக் கோட்டில் போய் நிற்கும்.

அப்படியானால் கோடைக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பகலில் காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. வேலூரிலோ திருச்சியிலோ கத்திரியில் 42 டிகிரி அடிக்கும்போது வித்தியாசம் 53-தான். அதே ரேடியேட்டர், அதே ஃபேன். ஆனால் ஆற்றும் திறனில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. போதாக்குறைக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் காற்றை இன்னும் சூடாக்கியே பின்னால் அனுப்புகிறது. போர் தண்ணீரின் உப்புப் படிந்து பாதியிலேயே நின்றுவிடும் வால்வு, குளிர்காலம் முழுக்க யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கும். பாதி வழியில் வந்த கூலன்ட்டே அப்போது போதுமாக இருந்தது. மே மாதத்தில் போதாது. பழுது பழையதாக இருக்க, கையும் களவுமாகச் சிக்குவது மட்டும் வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில்.

இனி, கழற்றிவிடலாம் என்பவர்களின் வாதம். அவர்கள் பொய் சொல்லவில்லை. கழற்றியதும் வண்டி சூடாவது நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மூடியபடி சிக்கிக்கொண்ட வால்வை எடுத்தால் சூடு குறையத்தான் செய்யும். அதிலிருந்து கிடைக்கும் முடிவு, சிக்கிய தெர்மோஸ்டாட் ஆகாது என்பதே. தெர்மோஸ்டாட்டே ஆகாது என்பதல்ல. இதை மறுக்கக் கிளம்புகிறவர்கள் சிலர், “வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, ரேடியேட்டரில் ஆற நேரமிருக்காது” என்பார்கள். அதுவும் சரியில்லை, ஓட்டம் வேகமானால் வெப்பம் கடத்துவது குறையாது. உண்மையான சிக்கல் வேறு. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவதாக ஒரு தட்டு உண்டு. மேல் வால்வு திறக்கத் திறக்க, அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். மொத்தமாக எடுத்துவிட்டால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்து கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். கூலாக ஓட வேண்டும் என்று கழற்றிய வண்டி மலையில் முன்னைவிடச் சூடாவது இப்படித்தான்.

“அம்பாசிடர் காலத்தில் எத்தனை வண்டி தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடியது” என்று அடுத்த கேள்வி வரும். ஓடியது உண்மை. அந்தக் கார்பரேட்டர் என்ஜின்களுக்குக் கூலன்ட் சூட்டைப் பார்த்து பெட்ரோல் அளக்கும் கம்ப்யூட்டர் கிடையாது. இன்றைய காரின் இசியூ, சென்சார் காட்டும் சூடு குறைவாக இருந்தால் என்ஜின் இன்னும் குளிரில் இருப்பதாக எண்ணிக் கூடுதல் எரிபொருள் ஊற்றும். மைலேஜ் விழும், பல கார்களில் பி0128 என்ற பிழைக் குறியீட்டுடன் என்ஜின் விளக்கும் எரியும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில், புகை வடிகட்டியில் சேரும் கரியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலையும் என்ஜின் போதிய சூட்டுக்கு வராவிட்டால் தடைபடும். மேலும், எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அது ஆவியாகி வெளியேறும்; இல்லையேல் ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் வழவழவென்று படியும். 42 டிகிரி வெயில் நமக்குத்தான் கொதிப்பு. 90 டிகிரி தேவைப்படும் என்ஜினுக்கு அது பாதிகூட இல்லை. நடுவழியில் வால்வு சிக்கி வேறு வழியில்லை என்றால், கழற்றிவிட்டு வீடு வரை மெதுவாக ஓட்டி வரலாம். அந்த ஒரு சலுகை போதும்.

வீட்டிலேயே மாற்றுவது எல்லாக் காருக்கும் பொருந்தாது. மேல் ரேடியேட்டர் ஹோஸ் என்ஜினில் சேரும் இடத்தில் இரண்டு மூன்று போல்ட் கொண்ட சிறிய ஹவுசிங் கண்ணில் பட்டால் துணிந்து இறங்கலாம். வாட்டர் பம்ப்போடு ஒன்றாகச் சேர்ந்திருந்தாலோ, டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருந்தாலோ, வாரன்டி இருந்தாலோ சர்வீஸ் சென்டருக்கே விடுங்கள். நன்றாக இருப்பதை எதற்கு மாற்றுவது என்பது நியாயமான கேள்விதான். நாளாகிவிட்டது என்பதற்காக மாற்றச் சொல்லவில்லை, சோதித்துப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், ஃபேனில் கை படாமல். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடேறினால் வால்வு சரி. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் திறந்தபடி நின்றிருக்கிறது. முள் சிவப்பை நெருங்கியும் ஹோஸ் ஆறியே கிடந்தால், உடனே என்ஜினை நிறுத்துங்கள். அலுமினிய ஹெட் வளைந்தால் வரும் செலவின் முன் தெர்மோஸ்டாட்டின் விலை ஒன்றுமே இல்லை.

என்ஜின் முழுசாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும், திறந்த கணமே முகத்தில் பீறிடும். பாத்திரத்தில் கூலன்ட்டை வடித்து, ஹோஸையும் ஹவுசிங்கையும் கழற்றுங்கள். புது வால்வைப் பொருத்தும் முன் பழைய டப்பா ஒன்றில் தண்ணீரை ஊற்றி, அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கிப் பாருங்கள். பொறித்த எண்ணை ஒட்டி விளிம்பில் மெல்லிய கீற்று விழ வேண்டும். ஸ்பிரிங் உள்ள பக்கம் என்ஜினை நோக்கியும், காற்றுப் போகும் சிறு துளை மேலாகவும் இருக்கட்டும். பழைய கேஸ்கெட் ஒட்டுகளைச் சுரண்டி, ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். சிலிகான் பசையை அப்பாதீர்கள், பிய்ந்த துணுக்கு ரேடியேட்டரை அடைக்கும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் ஹவுசிங் விரிசல் விடும்.

கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி. குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து, குமிழி அடங்கும் வரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு மூடிவிட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை ஓடவிடுங்கள். வடித்த கூலன்ட் இனிப்பாக இருக்கும் விஷம். குழந்தைகளும் தெருநாய்களும் நெருங்காதபடி மூடிய கேனில் வைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலை மட்டம் சற்று இறங்கியிருந்தால் நிரப்பிக்கொள்ளலாம், உள்ளே இருந்த காற்று வெளியேறியதன் கணக்கு அது. அதற்கடுத்த நாளும் இறங்கினால் எங்கோ கசிகிறது. கண்டுபிடித்து அடைக்கும் வரை மலைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.