அன்னாசி இலை சொல்லும் செய்தி

ஆனைகட்டி மலையடிவார ஊர். தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் இடம். ஊரைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி.

இந்தப் பகுதியில் ஒரு சிறு தோட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். ஒரு தாயும் மகனும் அதில் அன்னாசி நட்டிருக்கிறார்கள். முதல் காய் வெட்டியாகிவிட்டது. செடிகளில் பக்கக்கன்றுகள் வந்திருக்கின்றன.

ஒருநாள் காலை மகன் ஓடி வந்தான்.

“அம்மா, வேலி ஓரத்துல பத்துச் செடி சிவந்து நிக்குது. தண்ணி பத்தலை போல. இன்னைக்கே தண்ணி விட்டுடறேன்.”

“அவசரப்படாதே கண்ணு. அன்னாசி சீக்கிரம் வாடாது. முதல்ல இலையைப் பார்ப்போம்” என்றாள் தாய்.

அவள் சொன்னது சரி. அன்னாசி புரோமெலியேசி என்னும் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் இலைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. அவை பெரும்பாலும் பகலில் மூடியிருக்கும். இரவில் திறக்கும். அதனால் வெயிலில் நீர் அதிகம் வீணாகாது. இலைகள் புனல்போல் அமைந்து, மழையையும் பனியையும் அடிப்பக்கம் சேர்க்கும்.

இருவரும் வேலி ஓரம் போனார்கள். இலைகள் செம்பு நிறமாக இருந்தன. நுனிகள் காய்ந்து கீழே வளைந்திருந்தன. ஓரங்கள் சுருண்டிருந்தன. தாய் ஒரு செடியை இழுத்தாள். சுலபமாக வந்துவிட்டது. வேர்கள் செத்திருந்தன.

பக்கத்துச் செடியின் அடியிலைகளை விலக்கினாள். அங்கே வெள்ளையாக, மாவு பூசியதுபோல் சிறு பூச்சிகள் ஒட்டியிருந்தன. சுற்றிலும் எறும்புகள்.

இது மாவுப்பூச்சியால் வரும் வாடல் நோய். மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சும். அப்போது வைரஸ் கிருமியையும் செடிக்குள் விடும். பூச்சியிடமிருந்து இனிப்பான நீர் வடியும். அது எறும்புக்குப் பிடித்த உணவு. அதனால் எறும்புகள் அந்தப் பூச்சியைக் காக்கும். செடிக்குச் செடி பரவவும் உதவும். வேர் செத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிப் பயன் இல்லை.

மகன் தயங்கினான். “அம்மா, இந்தச் செடிங்களோட கன்றைத்தான் சித்தப்பா விலைக்குக் கேட்டிருக்கார். கன்று பார்க்க நல்லாத்தானே இருக்கு?”

“தாய்ச்செடியில நோய் இருந்தா கன்றுலயும் இருக்கும். காசு வாங்கிட்டு நோயையா குடுக்கறது? வேணாம் கண்ணு.”

நோய் கண்ட செடிகளைக் கன்றோடு பிடுங்கி எரித்தார்கள். களையை நீக்கினார்கள். எறும்புப் புற்றுகளைக் கலைத்தார்கள். சித்தப்பாவிடமும் விஷயத்தைச் சொன்னார்கள்.

மருந்து தேவைப்பட்டால் கேரளத்தில் கிருஷி பவனிலும், தமிழ்நாட்டில் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் கேட்கலாம். என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்த பிறகே தெளிக்க வேண்டும்.

இலை சொல்லும் வேறு செய்திகளும் உண்டு.

செடி முழுவதும் வெளிறி, வளர்ச்சி குன்றினால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம்.

இளம் இலைகள் மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். சுண்ணாம்பு மண்ணில் இது அதிகம்.

குருத்து இழுத்தவுடன் கையோடு வந்து, கெட்ட வாடை அடித்தால் அது குருத்தழுகல். நீர் தேங்கும் இடத்தில் வரும். வடிகால் வெட்ட வேண்டும்.

புதிதாக நடுவோர் நோயில்லாத தோட்டத்துக் கன்றையே வாங்க வேண்டும். கன்றை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, அடியிலைகளை உரித்து, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து நட வேண்டும்.

எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளம் அன்னாசிக்குப் பெயர் பெற்றது. வாழக்குளம் அன்னாசிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அன்னாசி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. எந்த ஊர் அன்னாசியானாலும் நல்ல விளைச்சல் நல்ல கன்றில்தான் தொடங்குகிறது.

பேசிப் பாருங்கள்

1. செடி சிவந்ததும் மகன் என்ன நினைத்தான்? உண்மையான காரணம் என்ன?
2. எறும்புக்கும் மாவுப்பூச்சிக்கும் என்ன உறவு?
3. தாய் கன்றுகளை விற்க மறுத்தது ஏன்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?