இலை விரித்த பின்னரே பந்தி

செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளைப் பற்றி நான் ஓர் இணையப் பக்கம் அமைத்தேன். மலையின் பெயரைத் தொட்டால் அதன் வரலாறு விரிய வேண்டும். கண்காட்சி நாளன்று விருந்தினர் ஒருவர் ‘இராஜகிரி’யைத் தொட்டார், ஒன்றும் நிகழவில்லை. வெட்கித் தலைகுனிந்தேன்.

காரணம் யாது? உலாவி ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. இடையில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எதிர்ப்பட்டால், படிப்பதை நிறுத்தி அதனை இயக்குகிறது. என் நிரல் பக்கத்தின் தலைப்பகுதியில் இருந்தது. அது பொத்தானைத் தேடியபோது பொத்தான் உருவாகவே இல்லை. இலை விரிக்குமுன் சாம்பார் ஊற்றிய கதைதான்!

‘லோடு’ என்னும் நிகழ்வுக்குப் பின் நிரலை இயக்கிப் பார்த்தேன். பொத்தான் இயங்கியது, ஆயினும் புதுக் குறை முளைத்தது. படங்கள் அனைத்தும் வந்து சேர்ந்த பின்னரே அந்நிகழ்வு எழும். மலையடிவாரத்தில் கைப்பேசியில் திறந்தபோது, பெரிய படங்கள் வரும்வரை பொத்தான் ஊமையாய் நின்றது. பாயசம் வரும்வரை பந்தியில் கைகட்டி உட்கார்ந்திருப்பதா?

‘டாம் கன்டென்ட் லோடட்’ என்னும் நிகழ்வோ, பக்கத்தின் கட்டமைப்பு முழுதும் படிக்கப்பட்டதும் எழுகிறது, படங்களுக்காகக் காத்திராது. அதுவே எனக்குக் கைகொடுத்தது. நிரல் தனிக் கோப்பில் இருந்தால் ‘டிஃபர்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தாலே போதும்; உலாவி பக்கத்தைப் படித்துக்கொண்டே கோப்பையும் இறக்கி, படித்து முடித்த பின் இயக்கும். படத்தின் நீள அகலம் தேவைப்படும் இடத்தில் மட்டும் ‘லோடு’க்குக் காத்திருக்கலாம்.

நண்பர்களே, நிரல் பிழையின்றி இருந்தால் மட்டும் போதாது. எது வந்து சேர்ந்த பின் அது இயங்க வேண்டும் என்பதையும் முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.