நாவல் எழுதக் கிளம்பிய பேரப்பிள்ளைக்கு

நாவல் எழுதப் போகிறேன் என்றாயே கண்ணு, நல்லது. உத்திகளைச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புதுச்சேரிப் பக்கத்துக் கடலோர நல்லவாட்டுக் கிழவன் நான் சொல்ல வருவது வேறு.

1. முதலில் காதைத் தீட்டிக்கொள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிடும்வரை தமிழில் நாவல் கிடையாது. அவர் முன்சீப். சொத்துத் தகராறும் பொய்ச்சாட்சியும் வருஷக்கணக்காகக் கேட்டவர். ஸ்பெயினில் ‘டான் குயிக்ஸாட்’ எழுதிய செர்வாண்டிஸும் கடற்படைக்குத் தானியம் சேர்க்கவும், வரிபாக்கி வசூலிக்கவும் ஊர் ஊராக அலைந்தார். கணக்கு உதைத்து 1597-இல் செவில் நகரச் சிறைக்கும் போனார். இருவருமே ஊரார் வழக்கைக் கேட்டுப் பிழைத்தவர்கள். நம் கரையில் மீன் ஏலம் நடக்கும்போது போய் நில். விலை படியாமல் கூடையைத் தூக்கும் பெண் என்ன முணுமுணுக்கிறாள் என்று கேள்.

2. எளியவர்களை இளக்காரமாக எழுதாதே. ஸ்பெயினில் வீரர்கள் பூதங்களை வெட்டிச் சாய்க்கும் கதைகளே கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1554-இல் ‘லாசரில்லோ’ என்ற சிறு புத்தகம் வந்தது. எழுதியவர் பெயரே அதில் இல்லை. குருட்டுப் பிச்சைக்காரனுக்கு வழிகாட்டும் பையன் தன் கதையைத் தானே சொல்கிறான். ஒருநாள் ஒரு கொத்துத் திராட்சை கிடைக்கிறது. ஆளுக்கு ஒவ்வொன்றாகத் தின்பது என்று பேச்சு. சற்று நேரத்தில் கிழவன் இரண்டிரண்டாக எடுக்கிறான். பையன் மூன்று மூன்றாக வாயில் போடுகிறான். கொத்து காலியானதும், ‘நீ மும்மூன்றாகத் தின்றாய்’ என்கிறான் கிழவன். எப்படித் தெரியும்? தான் இரண்டிரண்டாக எடுத்தபோது பையன் வாயைத் திறக்கவில்லையே! இரண்டு பேருமே திருடர்கள்தான், ஆனாலும் இரண்டு பேரையும் நமக்குப் பிடித்துப்போகிறது. ஐந்தே வருஷத்தில் திருச்சபை விசாரணை மன்றம் அதற்குத் தடை போட்டது. பாதிரிமாரையும் பையன் விட்டுவைக்கவில்லை அல்லவா!

3. சிரிக்க வை. ஆனால் உன்னையும் சேர்த்துச் சிரி. பிரதாப முதலியார் பணக்கார வீட்டுப் பிள்ளை. பாடம் வராதது அவனுக்கு, அடி விழுவது வாத்தியார் மகனுக்கு. இதை வேறு யாரோ சொன்னால் வெறும் கேலி. பிரதாபனே சொல்வதால்தான் சுருக்கென்று தைக்கிறது.

4. அவசரம் வேண்டாம். நாவல் வெளிவந்தபோது வேதநாயகம் பிள்ளைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ‘டான் குயிக்ஸாட்’ முதல் பாகம் 1605-இல் வந்தபோது செர்வாண்டிஸுக்கு அறுபதை நெருங்கும் வயது. ராஜமய்யர் இருபத்தொன்றிலேயே ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடங்கவில்லையா என்று என்னை மடக்குவாய். அவர் இருபத்தாறிலேயே போய்ச் சேர்ந்தவர். அந்தக் கணக்கு உனக்கு வேண்டாம் ராசா.

5. இன்று நடந்ததை இன்றே எழுதி வை, நாவலுக்காக இல்லாவிட்டாலும். புதுச்சேரியில் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், துரை வீட்டு வம்பு எல்லாம் அதில் உண்டு. இருநூறு வருஷம் கழித்து நம் பிரபஞ்சன் அந்தக் காலத்தை ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று நாவல்களாக்கினார். பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதமி விருது. நம்மூருக்கும் ஒரு நாள் உண்டு. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த நம்மூர்ப் பிள்ளை போனில் எச்சரித்தான். ஊர் அறிவு மையத்து ஒலிபெருக்கி அலறியது, ஊர் ஓடித் தப்பியது. இதைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. ஓடும்போது யார் எதைக் கையில் எடுத்தார்கள், யார் பாதி வழியில் திரும்பிப் பார்த்தார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. பார்த்தவர்கள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேள்.

6. யாராவது உன் கதையைத் திருடினால் கோர்ட்டுக்கு ஓடாதே, எழுதப் போ. செர்வாண்டிஸ் இரண்டாம் பாகத்தை முடிப்பதற்குள், 1614-இல் அவெல்லானெடா என்ற புனைபெயரில் எவனோ போலி இரண்டாம் பாகம் போட்டுவிட்டான். கிழவர் அந்தப் போலியைத் தன் கதைக்குள்ளேயே இழுத்துவந்தார். சத்திரத்தில் தங்கும் டான் குயிக்ஸாட், தன்னைப் பற்றிய பொய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறான். போலிக் கதையில் ஜாரகோஸா போனதாக எழுதியிருக்கிறதா? அப்படியானால் அந்த ஊர்ப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று பார்சலோனாவுக்குக் குதிரையைத் திருப்புகிறான்.