கல்லும் சொல்லும்



நம் கேம்ப்பிலுள்ள ஆங்கிலப் பள்ளிகளில் பயிலும் சிறுவர் சிறுமியர் வாயில் ஒரு சிறு பாட்டு வழங்குகிறது. கம்பும் கல்லும் எலும்பை முறிக்கலாம், பிறர் வையும் சொல்லோ ஒன்றும் செய்யாது என்பது அதன் கருத்து. வசை கேட்டு அழுதுவரும் பிள்ளையைத் தேற்றுவதற்கென ஆங்கிலம் பேசும் நாடுகளில் பெற்றோர் இதனைக் கற்பித்து வந்தனர். இதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று இப்பாடத்தில் ஆராய்வோம்.

1862ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ‘கிறிஸ்டியன் ரெக்கார்டர்’ என்னும் அமெரிக்கப் பத்திரிகை இதனைப் பழைய மொழி எனக் குறிப்பிட்டு வெளியிட்டது. அப்பத்திரிகை கறுப்பின மக்கள் தாமே நிறுவிக்கொண்ட ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையினுடையது. அமெரிக்க நாடு முழுவதும் அடிமைமுறை ஒழிந்ததோ 1865இல்தான். சவுக்கடியையும் இழிபெயரையும் ஒருங்கே தாங்கிய மக்களின் ஏட்டில் இம்மொழி அச்சேறியது எண்ணத்தக்கது. ஒரு நூற்றாண்டு கழிந்தும் அதன் வழக்குக் குன்றவில்லை. 1960இல் ரே சார்லஸ் என்னும் கறுப்பினப் பாடகர், காதலரைப் பிரிக்க முயலும் ஊர்ப்பேச்சைப் பற்றிய பாட்டொன்றை, இதன் முதற்சொற்களையே தலைப்பாகக் கொண்டு பாடிப் புகழ்பெற்றார்.

இழிவுபடுத்தப்பட்டவன் தானே இதனைச் சொல்லிக்கொள்வானாயின், ‘என் உடலை அடிக்க உனக்கு வலிமையுண்டு, என் மதிப்பை அளக்க உனக்கு உரிமையில்லை’ என்னும் உறுதி அதில் தோன்றும். அதனையே வேறொருவர், ‘வெறும் சொல்தானே, பொறுத்துக்கொள்’ என்று அவனுக்குக் கூறுவாராயின், வைதவனைக் கண்டியாது வையப்பட்டவன் வாயை அடைப்பதாகவே அது முடியும். ஒரே மொழி ஒருவன் வாயில் கேடயம், மற்றொருவன் வாயில் பூட்டு.

சொல் வருத்தாது என்பது அனுபவத்திற்கும் ஒவ்வாது. நெருப்பால் உண்டான காயத்தினும் நாவால் உண்டான காயமே நெடிது நிற்கும் என்னும் கருத்தை வள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தில் வைத்துள்ளார். பஞ்சாலையில் உழைத்தோர் இதனை நன்கு அறிவர். தறிகளின் இரைச்சலில் அங்கே எதிரில் நிற்பவன் குரலும் கேளாது. ஆயினும் மேஸ்திரி சாதியைச் சொல்லி வைதால், உதட்டசைவைக் கண்டே தொழிலாளியின் முகம் கறுக்கும். புண்படுத்துவது ஓசையன்று, அதன் பின்னுள்ள கருத்தே என்பது இதனால் விளங்கும்.

நம் புனே நகரிலேயே கல்லும் சொல்லும் ஒருங்கே வீசப்பட்ட வரலாறு உண்டு. 1848இல் மகாத்மா ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் புதவார் பேட்டையின் பிடே வாடாவில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். கற்பிக்கச் செல்லும் அம்மையார்மீது வழியில் சாணமும் கல்லும் எறிந்தனர்; உடன் வசைமாரியும் பொழிந்தனர். அவர் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டு சென்றார் என்பர். சாணம் பட்ட புடவையை மாற்றலாம். வசை பட்ட நெஞ்சுக்கு மாற்றுடை ஏது? ஆயினும் அவர் திரும்பிச் செல்லவில்லை. வலியில்லாமையால் அன்று, வலியினும் பணி பெரிதாகலின் நடந்தார்.

அங்ஙனமாயின் வசைக்கு மருந்து யாது? பகவன் புத்தர் இருவகை காட்டினார். இராசகிருகத்து வேணுவனத்தில் பாரத்துவாசன் ஒருவன் சினந்து வைதபோது, ‘விருந்தினர் ஏற்காத உணவு யாருடையது?’ என்று வினவி, ஏற்கப்படாத வசையும் அவ்வாறே வைதவனிடம் தங்கும் என உணர்த்தினார். தெருச்சண்டையில் நம் பிள்ளைகள் ‘நீ சொன்னது உனக்கே’ என்பது இதனை ஒத்ததன்று. அது வசையைத் திருப்பி எறிவது. இது கையால் தொடாதிருப்பது.

சாவத்தியில் மற்றொருவன் அவரை ‘வசலன்’, அதாவது இழிகுலத்தான், என்று அழைத்தான். ஆங்கே பகவர் வாளாவிருக்கவில்லை. இழிந்தவனாக்குவது எது என்பதை அறிவாயோ என்று கேட்டு, பிறப்பினால் ஒருவன் இழிந்தவனாகான், செயலினாலேயே ஆவான் என்று விரித்துரைத்தார். தனிமனிதன் சினத்தை ஏற்காது விடலாம். ஒரு குலத்தையே இழிக்கும் பெயரையோ ஆராய்ந்து அதன் பொய்யை வெளிப்படுத்தல் வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய தம் பத்திரிகையில் நம்மீது சுமத்தப்பட்ட இழிபெயர்களின் மூலத்தை ஆராய்ந்தெழுதியதும் இந்நெறியேயாம்.

நாட்டின் சட்டமும் சொல்லைச் சிறிதென எண்ணவில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கி, 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை விதித்தது. 2015ஆம் ஆண்டின் திருத்தம், சாதிப்பெயர் சொல்லி வைதலைத் தனியே எடுத்துக் கூறியது.

ஆகவே, பெற்றோரே, அழுதுவரும் குழந்தையிடம் ‘வலிக்காது’ என்று கூறற்க. வலிக்கும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அச்சொல் மெய்யன்று என்பதை அடுத்து விளக்குங்கள். வைதவன் பிள்ளையாயின் அவன் பெற்றோரிடமும், பெரியவனாயின் சட்டத்தினிடமும் கேட்கத் தயங்காதீர்கள். நம் பிள்ளை வேறொரு பிள்ளையை வைதாலோ, அன்றே அழைத்துக் கண்டியுங்கள். கடுஞ்சொல் விலக்கல் நல்வாய்மையின் ஓர் அங்கம். அது வையப்பட்டவனுக்கு விதித்த பொறுமை மட்டுமன்று, பேசுகின்ற ஒவ்வொரு நாவுக்கும் இட்ட காவலாகும்.

சாது! சாது! சாது!