மொட்டைக் கடிதம் எழுதாதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் கூடவே நீ அனுப்பிய டிரைவரும் வந்து சேர்ந்தன. வெப்பநிலை உணரி ஒன்றுக்கு நீயாகவே டிரைவர் எழுதி, லினக்ஸ் கெர்னலில் ஏற்றி, அது வேலையும் செய்கிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு முறை படித்தேன். மனசு நிறைந்துபோனது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "பிழை வந்தால் பிரிண்ட்கே போட்டு ஒரு வரி எழுதினால் போதாதா அக்கா? டெவ்_எர்ர், டெவ்_வார்ன், டெவ்_டிபக் என்று இத்தனை மேக்ரோ எதற்கு?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலை நான் கற்றுக்கொள்ள மூன்று நாள் ஆனது. அதனால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்கான சின்ன போர்டுக்கு நான் டிரைவர் எழுதினேன். அதில் ஒரே வகை உணரி மூன்று இருந்தன. மூன்றையும் ஒரே டிரைவர்தான் கவனித்துக்கொள்ளும். பிழை வந்தால் "உணரியைப் படிக்க முடியவில்லை" என்று அச்சிடும்படி எழுதியிருந்தேன். ஒருநாள் அந்தக் கிடங்கிலிருந்து போன். லாக் முழுக்க அதே வரி. அங்கிருந்த டெக்னீஷியன் முதல் உணரியைக் கழற்றிப் புதிதாக மாட்டினார். வரி நிற்கவில்லை. மறுநாள் இரண்டாவதை மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. மூன்றாம் நாள்தான் மூன்றாவது உணரிக்குப் போகும் கம்பி ஒன்று கனெக்டருக்குள் அறுந்திருப்பது தெரிந்தது. நல்ல உணரிகள் இரண்டு குப்பைக்குப் போயின. அந்த மூன்று நாளும் அவர் குளிருக்குள் நின்றபடி வேலை பார்த்தார்.

நான் எழுதிய வரியில் பொய் ஒன்றும் இல்லை. என்ன நடந்தது என்பதைச் சரியாகத்தான் சொன்னது. யாருக்கு நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. கையெழுத்தும் முகவரியும் இல்லாமல் வரும் கடிதத்தை மொட்டைக் கடிதம் என்போமே, அதுதான் அது. பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது, விஷயத்துக்கு முன்னால் "அனுப்புநர்" எழுதாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அது வெறும் சம்பிரதாயம் இல்லை என்று எனக்குப் புரிந்தது அந்த வாரத்தில்தான்.

இனி கெர்னலுக்கு வருவோம். பிரிண்ட்கே என்பது கெர்னல் தன் செய்திகளை எழுதும் அடிப்படை ஃபங்ஷன். அதில் எழுதப்படுவதெல்லாம் ஒரே வட்ட பஃப்பருக்குள் போய் விழும். பிராசஸர், டிஸ்க், நெட்வொர்க் கார்டு, யூஎஸ்பி என எல்லாருடைய பேச்சும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். இடம் நிரம்பினால் பழைய வரிகள் அழிந்துபோகும். ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை உண்டு. 0 என்றால் இயந்திரமே செத்துக்கொண்டிருக்கிறது, 3 என்றால் பிழை, 4 எச்சரிக்கை, 6 தகவல், 7 டிபக். அந்தக் காலத்தில் இந்த நிலை, செய்தியின் தலையில் <3> என்று ஒட்டப்பட்ட மூன்று எழுத்துகள்தான். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

ஆக, எவ்வளவு தீவிரம் என்று சொல்ல வழி இருந்தது. யார் பேசுவது என்று சொல்லத்தான் பொது வழி இல்லை. டிரைவர் எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாகக் கையால் எழுதினார்கள். சிலர் டிரைவரின் பெயரைப் போட்டார்கள், சிலர் ஃபைலின் பெயரைப் போட்டார்கள், என்னைப் போலச் சிலர் ஒன்றுமே போடவில்லை. டிரைவரின் பெயரைப் போட்டாலும் போதாது என்பதை என் கிடங்குக் கதையே காட்டுகிறது. அங்கே டிரைவர் ஒன்று, சாதனங்கள் மூன்று.

2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலோடு சாதன மாதிரி என்ற ஏற்பாடு நிலைபெற்றது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஸ்ட்ரக்ட். அதற்குள் அதன் பெயர், அது எந்தப் பஸ்ஸில் இருக்கிறது, எந்த டிரைவர் அதைக் கவனிக்கிறது என்ற விவரம். ஊரில் எல்லாருக்கும் பட்டா கொடுத்த மாதிரி. அப்படி ஒரு பதிவேடு வந்த பிறகு, அனுப்புநர் முகவரியை ஒவ்வொருவரும் கையால் எழுத வேண்டிய அவசியமே இல்லை. சாதனத்தை மட்டும் கையில் கொடு, முகவரியை நானே எழுதிக்கொள்கிறேன் என்று ஒரு மேக்ரோ சொல்லலாம். டெவ்_பிரிண்ட்கே செய்வது அதைத்தான். டெவ்_எர்ர், டெவ்_வார்ன், டெவ்_இன்ஃபோ எல்லாம் அதன்மேல் நிலையை மட்டும் மாற்றிப் போட்ட பிள்ளைகள்.

அந்த மேக்ரோவின் பழைய வடிவத்தை ஒருமுறை கிட்டப்போய்ப் பார். சி மொழியில் இரண்டு சரங்களை அருகருகே வைத்தால் கம்பைலர் அவற்றை ஒரே சரமாக ஒட்டிவிடும். மேக்ரோ அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டது. முதலில் நிலை, அடுத்து டிரைவர் பெயருக்கும் சாதனப் பெயருக்குமான இடங்களும் ஒரு முக்காற்புள்ளியும், அதன்பின் நீ எழுதும் வாக்கியம். மூன்றும் ஒட்டி ஒரே சரமாகிவிடும். உன் உணரி எல்எம்75 வகை, அது முதலாம் எண் ஐ2சி பஸ்ஸில் 49 என்ற முகவரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள். லாக்கில் வருவது இதுதான்:

எல்எம்75 1-0049: உணரியைப் படிக்க முடியவில்லை

முன்னால் வந்த அந்த இரண்டு சொல்லைப் பார். எந்த டிரைவர், எந்தப் பஸ், எந்த முகவரி என்று மூன்றையும் சொல்லிவிட்டது. இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த டெக்னீஷியன் நேராக அந்த உணரியிடம் போயிருப்பார். பிசிஐ கார்டாக இருந்தால் சாதனப் பெயர் 0000:03:00.0 என்கிற வடிவில் வரும். அதில் டொமைன், பஸ், சாதனம், ஃபங்ஷன் எல்லாம் வரிசையாக இருக்கும். பெட்டியைத் திறக்காமலேயே எந்தக் கார்டு என்று தெரிந்துவிடும்.

ஆனால் "முகவரியை நானே எழுதிக்கொள்கிறேன்" என்று பொறுப்பேற்ற மேக்ரோ, எல்லாச் சூழ்நிலைக்கும் தயாராக இருக்க வேண்டும். பழைய மேக்ரோ டிரைவரின் பெயரைச் சாதனத்திலிருந்து நேராக எடுத்தது. சாதனத்துக்கு இன்னும் டிரைவரே அமையவில்லை என்றால் அந்த பாயிண்டர் வெறுமையாக இருக்கும். அதைத் தொட்டால் கெர்னலே விழுந்துவிடும். நோயைச் சொல்ல வந்தவனே நோயாளியைக் கொன்றுவிடுவான். அதனால் பிறகு ஒரு தனி ஃபங்ஷன் வந்தது. டிரைவர் இருந்தால் அதன் பெயர். இல்லையென்றால் பஸ்ஸின் பெயர். அதுவும் இல்லையென்றால் கிளாஸின் பெயர். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாராவது டிரைவரைக் கழற்றிவிடலாம் என்பதால், அந்த பாயிண்டரை ஒரே ஒரு தடவை படித்து வைத்துக்கொண்டுதான் சோதிக்கும். சாதனம் என்று நீ கொடுத்ததே வெற்று பாயிண்டராக இருந்தால், இன்றைய கெர்னல் விழாமல் "வெற்றுச் சாதனம்" என்று பொருள்படும் குறிப்பை அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு உன் செய்தியைச் சொல்லும். லாக் எழுதும் கோடு மற்றக் கோடுகளைவிட உறுதியாக இருக்க வேண்டும். எல்லாம் கெட்டுப்போன நேரத்தில்தான் அது ஓடப்போகிறது.

மேக்ரோவுக்கு இன்னொரு விலையும் உண்டு. அது அழைக்கும் இடமெல்லாம் விரியும். கெர்னலில் ஆயிரக்கணக்கான இடங்களில் டெவ்_எர்ர் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பெயரைத் தேடி எடுக்கும் கோடு திரும்பத் திரும்ப உட்கார்ந்தால் கெர்னல் பருத்துவிடும். 2010-இல் இவற்றை ஃபங்ஷன்களாக மாற்றியதன் நோக்கமே அந்தப் பருமனைக் குறைப்பதுதான். பிறகு அந்த ஃபங்ஷனுக்கு மேலே மெல்லிய மேக்ரோ ஒன்று மறுபடியும் வந்தது. ஒரு ஃபைல் முழுக்கத் தன் செய்திகளுக்குப் பொதுவான முன்னொட்டு ஒன்றைச் சேர்க்க விரும்பினால் அந்த மேல்தோலில் சேர்த்துக்கொள்ளலாம். கனமான வேலை ஒரே இடத்தில், இடத்துக்கு இடம் மாறுவது மட்டும் மேக்ரோவில். நீ உன் சொந்த மேக்ரோவை எழுதும்போதும் இந்தப் பங்கீட்டை மறக்காதே.

எனக்கு மிகவும் பிடித்தது டெவ்_டிபக். டிபக் செய்திகள் சாதாரண நாளில் வேண்டாம், பிரச்சினை வந்தால் மட்டும் வேண்டும். வேண்டாதபோது மேக்ரோவை வெறுமையாக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் அந்த வரியைக் கம்பைலர் பார்க்கவே பார்க்காது. நீ ஒரு மாறியின் பெயரை மாற்றினால் டிபக் வரியில் பழைய பெயர் அப்படியே தங்கும். ஒரு வருஷம் கழித்து, தேவைப்பட்ட அன்று டிபக்கைத் திறந்தால் கோடு கம்பைலே ஆகாது. அதனால் கெர்னல் என்ன செய்கிறது தெரியுமா? ஒருபோதும் உண்மையாகாத ஒரு நிபந்தனைக்குள் அந்த வரியை வைக்கிறது. கம்பைலர் வரியைப் படித்து, வகைகளைச் சரிபார்த்து, பிறகு தூக்கி எறிந்துவிடும். செலவும் இல்லை, துருவும் பிடிக்காது.

டைனமிக் டிபக் என்ற வசதியோடு கட்டப்பட்ட கெர்னலில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில், ஒரு கண்ட்ரோல் ஃபைலில் உன் ஃபைலின் பெயரை எழுதி அதன் டிபக் வரிகளை மட்டும் உயிர்ப்பிக்கலாம். மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், ரீபூட்டும் வேண்டாம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. டிபக் வரியின் ஆர்க்யுமெண்ட்டுக்குள் ஒரு எண்ணியைக் கூட்டுவது, ஹார்டுவேர் ரிஜிஸ்டரைப் படிப்பது போன்ற வேலைகளை வைக்காதே. டிபக் அணைந்திருக்கும்போது அந்த வேலையும் நடக்காது. டிபக் போட்டால் சரியாக ஓடுகிறது, எடுத்தால் கெட்டுப்போகிறது என்று இரவெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்வாய்.

இப்போது உன் டிரைவருக்கு வருகிறேன். பிரிண்ட்கே வரிகளை மாற்றும்போது முதல் கேள்வி, எந்தச் சாதனத்தின் பெயரில் பேசுவது? பிசிஐ சாதனமோ ஐ2சி சாதனமோ, ஒவ்வொன்றின் ஸ்ட்ரக்ட்டுக்குள்ளும் பொதுவான சாதன ஸ்ட்ரக்ட் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் முகவரியைக் கொடுத்தால் போதும். நெட்வொர்க் போன்ற துறைகளுக்குத் தனி மேக்ரோக்கள் இருக்கின்றன. இருந்தால் அதுதான் முதல் தேர்வு, அடுத்தது டெவ் வகை, சாதனமே இல்லாத இடத்தில்தான் மற்றவை. கெர்னலோடு வரும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டும் இதே வரிசையைத்தான் பரிந்துரைக்கும். ஒரு எச்சரிக்கை: நெட்வொர்க் சாதனத்தைப் பதிவு செய்யும் முன்பே அதன் பெயரில் பேசினால், "பெயரிடப்படாத சாதனம்" என்றுதான் லாக்கில் வரும். பெயர் சூட்டும்வரை அதைச் சுமக்கும் பிசிஐ சாதனத்தின் பெயரில் பேசு.

இரண்டாவது, நிலையைக் கூட்டிச் சொல்லாதே. சாதனம் வேலையைச் செய்ய முடியாமல் போனால் பிழை. ஏதோ சரியில்லை, ஆனால் சமாளித்துக்கொள்கிறது என்றால் எச்சரிக்கை. எல்லாவற்றையும் பிழை என்று கூவினால், உண்மையான பிழை வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டிரைவர் நன்றாக வேலை செய்யும்போது அது பேசாமல் இருப்பதே நல்லது. "வெற்றிகரமாக ஏற்றப்பட்டது" என்று நீ ஆசையாக எழுதியிருக்கும் வரியை எடுத்துவிடு.

மூன்றாவது, ஒரே பிழை நொடிக்கு ஆயிரம் தடவை வரக்கூடிய இடத்தில் வரம்பு கட்டிய வகையைப் பயன்படுத்து. இயல்பாக அது 5 நொடிக்கு 10 செய்திக்குமேல் விடாது. வரம்பில்லாமல் விட்டால் உன் ஒரு சாதனத்தின் புலம்பல் மற்ற எல்லாருடைய செய்தியையும் பஃப்பரிலிருந்து தள்ளிவிடும்.

நான்காவது, உன் ப்ரோப் ஃபங்ஷன், அதாவது சாதனத்தை டிரைவரோடு இணைக்கும்போது கெர்னல் கூப்பிடும் ஃபங்ஷன். உணரிக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரின் டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றால், கெர்னல் உனக்கு -517 என்ற எண்ணைக் கொடுக்கும். "இப்போது முடியாது, பிறகு மறுபடி கூப்பிடுகிறேன்" என்று அதற்குப் பொருள். இதைப் பிழை என்று அச்சிட்டால் ஒவ்வொரு பூட்டிலும் பொய்ப் பிழைகள் வரிசைகட்டி நிற்கும். 2020-இல் வந்த 5.9 கெர்னலில் இதற்காகவே டெவ்_எர்ர்_ப்ரோப் சேர்க்கப்பட்டது. உண்மையான பிழை என்றால் அச்சிடும். தள்ளிவைப்பு என்றால் காரணத்தை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, டிபக் அளவில் நின்றுவிடும். கொடுத்த எண்ணையே திருப்பித் தருவதால், அச்சிடுவதும் ஃபங்ஷனை விட்டு வெளியேறுவதும் ஒரே வரியில் முடிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. செய்தி நீளமாக இருந்தாலும் அதை இரண்டு வரியாக உடைக்காதே. லாக்கில் அந்த வாக்கியத்தைப் பார்த்தவர் அதைக் கோடில் தேடுவார். உடைந்திருந்தால் கிடைக்காது. வரி நீளத்தைக் கவனிக்கும் கெர்னல் கோடிங் மரபே இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறது.

இத்தனையும் எதற்கு என்றால், லாக் வரியை நீ உனக்காக எழுதுவதில்லை. எழுதும்போது உன் மேஜையில் ஒரே ஒரு உணரிதான் இருக்கிறது, எது என்று உனக்குத் தெரியும். அதைப் படிக்கப்போகிறவருக்கு உன்னையும் தெரியாது, உன் கோடும் தெரியாது. ஞாபகமாகப் பெயர் எழுத வேண்டும் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்வதைவிட, பெயர் இல்லாமல் எழுதவே முடியாத ஒரு கருவியைக் கையில் கொடுத்துவிடுவது மேல். மேக்ரோவின் பயன் அதுதான்.

மாற்றி முடித்ததும் ஒன்று செய். அதே உணரியை இன்னும் இரண்டு வாங்கி, மூன்றையும் வேறு வேறு முகவரியில் பொருத்து. நண்பன் ஒருவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ஏதாவது ஒன்றின் கம்பியை உருவிவிடு. பிறகு அவனை அழைத்து லாக்கை மட்டும் காட்டு. போர்டைத் தொடாமல், உன்னிடம் ஒரு கேள்வி கேட்காமல், எந்த உணரி என்று அவன் விரல் நீட்டிக் காட்டினால் உன் டிரைவரை வெளியே அனுப்பலாம். என்ன நடந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா